இருமலுக்குக் கொத்தமல்லி தந்த ஒழுங்கை

அஸ்ஸலாமு அலைக்கும், மகள்.

கட்டாரிலிருந்து மூன்று வீடுகளின் படங்களை அனுப்பிவிட்டு, "வாப்பா, எனக்கு ஒண்டும் வெளங்கல்ல. நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்ற இடத்துல நாங்க இரிக்கம்" என்று பேசி அனுப்பியிருந்தாய். அதற்குப் போனில் பதில் சொல்லாமல் நான் பேனாவைத் தூக்கியதற்குக் காரணம் உன் உம்மாதான். நான் போனைக் காதில் வைத்தால் பாதிக் கதையைப் பின்னாலிருந்து அவளே கதைத்துவிடுகிறாள். மீதிப் பாதியில் நான் சொன்னதெல்லாம் பிழை என்கிறாள். கடிதம் என்றால் அவள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நான் ஒரு பக்கத்தை எழுதிவிடலாம். இப்போதும் குசினிக்குள் சமைத்துக்கொண்டே, "என்ன எழுதுறீங்க? என்னப் பத்தியா?" என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு பொய்யை அல்லாஹ் மன்னிப்பான்.

மருமகனுக்குக் கொழும்புக்கு மாற்றம் கிடைத்த செய்தி வந்த அன்று நம் ஒழுங்கையில் தெரு முழுக்கப் பெருநாள் மாதிரி இருந்தது. உன் உம்மா வட்டிலப்பம் அவித்து எல்லா வீட்டுக்கும் அனுப்பினாள். நான் சாய்ந்தமருதுச் சந்தியில் உள்ள நம் ஹார்ட்வெயார் கடையில் வந்தவன் போனவனுக்கெல்லாம் சொன்னேன். ஆணி வாங்க வந்தவன் ஆணியை மறந்துவிட்டுப் போகும் வரைக்கும் சொன்னேன். டோஹாவை விட்டுக் கொழும்புக்கு வருகிறீர்கள் என்றால், விமானத்தில் வர வேண்டிய பேத்தி இனி பஸ்ஸில் வருவாள். இதைவிட என்ன வேண்டும்? பிறகுதான் ஒழுங்கையிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. "கொழும்பா? அப்ப வாப்பா கட்டின ஊடு என்ன செய்ற?" உன் உம்மாவின் தங்கை சாச்சி கேட்டாள், உன் பெரியும்மா கேட்டாள், முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் மனம் கொஞ்சம் நொந்தது. நம் பக்கத்தில் பெண் பிள்ளை வீடு விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவான். அதனால்தான் பெண் பிள்ளை பிறந்த வீட்டில் வாப்பாமார் தொட்டிலுக்கு முன்னே கல்லும் மண்ணும் யோசிக்கத் தொடங்குவார்கள். உன் வீட்டுக்கு நான் அத்திவாரம் போட்டபோது நீ பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு போனாய். கடையில் வந்து இறங்கும் நல்ல கதவுப் பிணைச்சல், நல்ல பைப், நல்ல தாழ்ப்பாள் எல்லாவற்றையும் உன் வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்தேன். கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் டோஹாவுக்குப் போனீர்கள். வெளிநாடுதானே, திரும்பி வந்தால் இங்கேதான் என்று இருந்தேன். இப்போது திரும்பி வருகிறீர்கள், ஆனால் கொழும்பு வரைக்கும்தான். அன்று கடையில் ஒரு பெயின்ட் டின்னின் மூடி திறக்கவில்லை என்று அதோடு சண்டை பிடித்தேன். கடைசியில் பார்த்தால் அது சீமெந்து நிறம், எனக்கு வேண்டியதே இல்லை.

உன் குரலை நான் ஒரு தடவைதான் கேட்டேன். உன் உம்மா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "இது யோசனை கேக்கிற கதையில்ல. புள்ள மன்னிப்புக் கேக்கா. உங்களுக்கு வெளங்கல்லயா?" எனக்கு விளங்கவில்லை. நான் மூன்று வீட்டுப் படங்களையும் விரித்து விரித்துக் கூரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுபடியும் சொன்னாள்: "மூண்டு ஊட்டுல எது நல்லமெண்டு தெரியாத புள்ளயா அவ? வாப்பா கட்டின ஊடு பூட்டிக் கிடக்கக்குள்ள வேற ஊட்டச் சந்தோஷமா எடுக்க அவட மனசு விடுதில்ல. நீங்க சொன்னா அது வாப்பாட சொல்லு. அவட விருப்பமில்ல. அதான்." நான் வாயைத் திறந்தேன். தேத்தண்ணி கேட்டேன்.

ஆகவே, மகள், முதலில் இதைக் கேள். வீடு தேடுகிற விஷயத்தில் நீ கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டிருக்கிறாய். நான் வாழ்க்கையில் ஒரு நாளும் வீடு தேடியதில்லை, வீடுதான் என்னைத் தேடி வந்தது. மருதமுனையில் உம்மாவின் வீட்டில் இருந்தவனை நிக்காஹ் முடித்து, ஒரு சூட்கேஸோடும் நாலு கைத்தறிச் சாரனோடும் சாய்ந்தமருதுக்கு அனுப்பிவைத்தார்கள். சைக்கிளில் மிதித்தால் வியர்ப்பதற்கு முன் வந்துவிடக்கூடிய தூரம். ஆனால் என் உம்மா நான் கப்பல் ஏறுகிறேன் என்பது போல அழுதார். எந்தத் தெரு, யார் பக்கத்து வீடு, கிணற்றுத் தண்ணீர் உப்பா நல்லதா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. நம் ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் இப்படித்தான், முன்பின் தெரியாத ஒழுங்கைக்குள் ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கியவர்கள். அதனால் இடம் பார்த்து எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. புது இடத்துக்குள் ஒருவன் எப்படி உள்ளே போகிறான் என்று மட்டும் கொஞ்சம் தெரியும்.

அதையும் நான் அவமானப்பட்டுத்தான் படித்தேன். நம் வளவின் பின்பக்கம் உனக்குத் தெரியும். உன் உம்மா வீடு, பெரியும்மா வீடு, உம்மாவின் சாச்சி வீடு எல்லாம் வரிசையாக, வேலிக்கு வேலி ஓர் ஆள் நுழையக்கூடிய கடப்பு. பெண்கள் ரோட்டுக்குப் போகாமலே அந்தக் கடப்புகளால் ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்விடுவார்கள். கறிக்கோப்பை போகும், கைப்பிள்ளை போகும், முந்தின நாள் சண்டையின் மிச்சம் போகும். இது பெண்களின் பாதை என்று மருதமுனைக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். அங்கும் இதே வழக்கம்தான். ஆனால் என் உம்மாவின் வளவில் நான் மகன், எந்தக் கடப்பாலும் போகலாம். மாப்பிள்ளையாக வந்த இடத்தில் அது முடியாது என்பது மட்டும் என் மூளைக்கு உறைக்கவில்லை. வந்து ஒரு கிழமை, ஏழு நாள்கூட ஆகியிருக்காது. பின்னேரம், அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். ரோட்டால் போனால் சுணங்கும் என்று குறுக்கே கடப்புக்குள் நுழைந்தேன்.

உன் பெரியும்மா கிணற்றடியில் தலைமுடியை விரித்து உலர்த்திக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் போட்ட சத்தத்தில் கோழிகள் கூரைக்குப் போயின. நான் பின்னால் போகாமல், பதற்றத்தில் முன்னால் பாய்ந்தேன். அடுத்த கடப்பு. அங்கே உன் உம்மாவின் சாச்சி மா இடித்துக்கொண்டிருந்தவர் முக்காட்டுக்குக் கையை வீச, மா முழுவதும் என் மேல். அதற்கடுத்த கடப்பில் என் புதுச் சாரன் முள்ளுக்கம்பியில் மாட்டிக்கொண்டது. போகவும் முடியாது, வரவும் முடியாது. சாரனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையெல்லாம் மாவோடு நிற்கிறேன். எல்லாக் குசினிக் கதவுகளுக்குப் பின்னாலும் சிரிப்பு. அப்போது என் மாமி, உன் உம்மாவைப் பெற்றவர், அதுவரைக்கும் எனக்கு முன்னால் வந்து ஒரு வார்த்தை கதைக்காதவர், கதவுக்கு மறைவில் நின்றுகொண்டு யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "மாப்புளக்கி ரோட்டால போகத் தெரியாதாமா எண்டு கேளுங்க. தெரியாட்டி பரவாயில்ல. இருமிக்கிட்டு வரச் சொல்லுங்க."

அன்று தொழுகைக்கு நான் போய்ச் சேர்ந்த கோலத்தைப் பார்த்து, பாங்கு சொல்கிற மோதினார் என்னை அப்பக்காரன் என்று நினைத்தார். ஆனால் பொழுதுபடுவதற்குள் மூன்று வீட்டிலிருந்தும் ஒவ்வொரு மூடிய கோப்பை வந்தது. ஒன்றில் பிட்டு, ஒன்றில் இறால் பொரியல், ஒன்றில் என்னவென்று இப்போது ஞாபகம் இல்லை. "பயந்து போன மாப்புளக்கி" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்குத்தான் நான் அந்த ஒழுங்கைக்குள் குடிவந்தேன், மகள். நிக்காஹ் எழுதிய நாளில் இல்லை. அதிலிருந்து இன்று வரை எந்தக் கடப்பிலும் இருமாமல் காலை வைத்ததில்லை. என் இருமலை இந்த ஒழுங்கையில் நாய்க்குக்கூடத் தெரியும். சுனாமிக்குப் பிறகு வேலிகள் போய் மதில்கள் எழும்பியபோதும், "மதில் கட்டு, ஆனா மாப்புளட இருமலுக்கு இடம் உடு" என்று சொல்லித்தான் உன் பெரியும்மா மேசனிடம் கடப்பு விடச் சொன்னாள். உன் வீட்டு மதிலுக்கு நான் கடப்பு விட மறந்துபோய், பூசி முடித்த பிறகு உன் உம்மா உடைக்கச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். நல்ல சீமெந்து போட்டிருந்தேன், உடைக்க இரண்டு பேர் பட்ட பாடு பெரும்பாடு.

இதையெல்லாம் சொல்லி, சொந்தங்கள் இருக்கும் தெருதான் சொர்க்கம் என்று நான் சொல்ல வருகிறேன் என்று நினைக்காதே. கிட்ட இருந்தால் முட்டப் பகை என்று சும்மாவா சொன்னார்கள்? ஓர் ஆட்டுக்குட்டி மரவள்ளிக் கன்றைத் தின்றது என்று உன் சாச்சி தன் பக்கக் கடப்பைத் தகரம் வைத்து அடைத்தாளே, அந்தத் தகரத்துக்கு ஆணி நம் கடையில்தான் வாங்கினாள். அதுவும் நல்ல நீள ஆணியாகக் கேட்டாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இறைச்சி அவிக்கப் பெரிய கிடாரம் வேண்டும், கிடாரம் உன் உம்மாவிடம் இருந்தது. தகரம் தானாகக் கழன்று விழுந்துவிட்டது என்றாள் சாச்சி. அந்த ஆணியா தானாகக் கழலும்? சொந்தக்காரன் தெருவோ, வேறு ஆட்கள் தெருவோ, சண்டை எங்கும் வரும். கிடாரம் தேவைப்படுகிற தெருவா, தேவையே படாத தெருவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது உனக்குத் தெரியாத கதையைச் சொல்கிறேன். போன கிழமை நாங்கள் இருவரும் கொழும்புக்குப் போனோம். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் "வாப்பா, இந்த வயசுல பஸ்ஸுல என்னத்துக்கு" என்று தொடங்குவாய். உன் உம்மா ஒரு பை நிறையப் பிட்டும் மீன் பொரியலும் கட்டி எடுத்தாள், ஊர் தாண்டுவதற்குள் பாதியை முன் சீட்டுக்காரருக்குக் கொடுத்தாள், பதுளைப் பக்கத்து வளைவுகளில் கண்ணை மூடி ஓதினாள், கொழும்பில் இறங்கியதும் "இவ்வளவு கிட்டயா?" என்று கேட்டாள். படத்தைப் பார்த்து வீடு எடுப்பது படத்தைப் பார்த்து மாம்பழம் வாங்குவது மாதிரி. ஒரு தரமாவது கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று போனோம்.

முதலில் வெள்ளவத்தை. அந்த அடுக்குமாடி நல்ல கட்டடம், குறை சொல்லக் கூடாது. கடல் தெரிகிறது, பக்கத்தில் தொழப் பள்ளி இருக்கிறது, கீழே இறங்கினால் கடைகள், பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடங்கள். புரோக்கர் தம்பி ஜன்னலைத் திறந்து கடலைக் காட்டினார். உன் உம்மா நெடு நேரம் பார்த்தாள். "இந்தக் கடல் மாறிக் கிடக்கு. சூரியன் இதுக்குள்ள இறங்குதே" என்றாள். நம் கடலில் சூரியன் எழும்பித்தானே அவளுக்குப் பழக்கம். "பின்னேரத்துல தேத்தண்ணியோட பாக்க நல்லம்தான்" என்று பிறகு தானே தீர்ப்பும் சொன்னாள். நான் பிணைச்சல்களைப் பார்த்தேன். உப்புக் காற்றுக்கு அவை இரண்டு வருடம் தாங்கினால் அதிசயம். பிறகு வெளியே வந்து அந்த நீண்ட நடையில் நின்றேன். இரண்டு பக்கமும் மூடிய கதவுகள், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இலக்கப் பலகை. பழக்க தோஷம், இருமினேன். கூரையில் ஒரு லைட் தானாகப் பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்துவிட்டது.

அடுத்தது பத்தரமுல்லைப் பக்கம், அந்தப் புதுக் குடியிருப்பு. நீ படத்தில் பார்த்ததைவிட அழகு. புல்லுக்குக்கூடத் தலை வாரியிருக்கிறார்கள். வாசலில் செக்யூரிட்டி மிக மரியாதையாக அடையாள அட்டையைக் கேட்டார், யாரைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே போகிற வீட்டில் இப்போது யாரும் இல்லை என்றால் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றார். வீட்டைத்தான் பார்க்க வந்தோம் என்றேன். உள்ளே தெருக்கள் பளிங்கு மாதிரி. உன் உம்மா மெல்லச் சொன்னாள்: "ஒரு ஊட்டு வாசல்லயும் செருப்பில்ல. ஒரு கொடியிலயும் உடுப்பில்ல. ஆக்கள் இரிக்காங்களா?" இருந்தார்கள். கார்களுக்குள் இருந்தார்கள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. நான் இருமினேன். செக்யூரிட்டி தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார், பாவம், தண்ணீர் வேண்டுமா என்று கேட்க. அவர் நல்ல மனிதர். ஆனால் அவரும் மாலையில் தன் வீட்டுக்குப் போய்விடுவார்.

கடைசியாகத் தெஹிவளை. உன் மூன்று படங்களில் மங்கலாக இருந்ததே அதுதான். காலிக்குப் போகும் பெரிய வீதியிலிருந்து உள்ளே கிறுகினால் வளைந்து வளைந்து போகும் ஓர் ஒழுங்கை, ஒரு முச்சக்கர வண்டி வந்தால் நாம் மதிலோடு ஒட்ட வேண்டும். புரோக்கர் சுணங்கிவிட்டார். வீடு பூட்டியிருந்தது. சும்மா நிற்பானேன், பின்னால் தண்ணீர்த் தாங்கி எப்படி என்று பார்ப்போம் என்று பக்கத்து நடையால் போனேன். அங்கே இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள மதிலில் ஒரு சின்ன இரும்புக் கதவு. பூட்டு இல்லை, கயிற்றுத் துண்டால் கட்டியிருந்தது. எனக்குக் கால் தானாக நின்றது, தொண்டை தானாக இருமியது.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உடனே ஒரு குரல், சிங்களத்தில். புறக்கோட்டை மொத்தக் கடைகளில் பேரம் பேசிப் படித்த சிங்களம்தான் எனக்குத் தெரியும், ஆனாலும் விளங்கியது. யார் அது, இந்த வெயிலில் இருமிக்கொண்டு நிற்பது என்று கேட்டார். நான் ஸலாம் சொல்லப் போய், பிறகு ஆயுபோவன் சொல்லி, இரண்டும் குழம்பி மறுபடியும் இருமிவிட்டேன். இந்த முறை நிஜமாகவே. "ஐயோ" என்று உள்ளே போனவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு கிளாஸ், ஆவி பறக்கக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர். என் வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு, கண்ணாடி போட்டுப் பள்ளிக்கூட அதிபர் மாதிரி. கயிற்றை அவிழ்த்து, கிளாஸை நீட்டி, முழுவதும் குடிக்க வேண்டும் என்று நின்று பார்த்தார். எனக்கு இருமல் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? மாப்பிள்ளையாக வந்த இடத்தில் பெண்களுக்கு மரியாதையாக இருமிப் பழகிய கதையை மொத்தக் கடைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வேன்? குடித்தேன், மகள். வாய் வெந்தது. உன் உம்மா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கி, அடக்க முடியாமல் மதிலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். அந்த அம்மா அவளுக்கும் உடம்பு சரியில்லை என்று நினைத்து இன்னொரு கிளாஸ் கொண்டுவந்தார்.

புரோக்கர் வருவதற்குள் அந்த வீட்டைப் பற்றிப் புரோக்கர் சொல்லாத எல்லாவற்றையும் அவர் சொல்லிவிட்டார். குசினிக் கூரை ஒரு மூலையில் ஒழுகும். பெரிய மழைக்கு ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும், ஆனால் படி ஏறாது. மூலை வீட்டு நாய் குரைக்கும், கடிக்காது. முன்பு இருந்த குடும்பமும் முஸ்லிம்கள்தானாம், பெருநாளுக்கு அந்தச் சின்னக் கதவால் வட்டிலப்பம் வருமாம், ஆனால் இனிப்பு எப்போதும் கொஞ்சம் குறைவாம். நான் மொழிபெயர்த்தேன். உன் உம்மாவுக்குச் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. "நான் அவிச்சு அனுப்புறன் எண்டு சொல்லுங்க" என்றாள் மிகவும் கண்டிப்பாக. இன்னும் யார் குடிவரப் போகிறார்கள் என்றே தெரியாத வீட்டுக்கு அவள் வட்டிலப்பம் பொறுப்பேற்றுவிட்டாள்.

இவ்வளவு எழுதிய பிறகு வாப்பாவின் மனம் எங்கே என்று உனக்குத் தெரியும். ஆனால் நான் தெஹிவளை என்று சொல்லப் போவதில்லை. வெள்ளவத்தையில் மருமகனுக்கு அலுவலகம் கிட்ட, பத்தரமுல்லையில் பிள்ளை ஓடி விளையாட இடம் இருக்கிறது. அதெல்லாம் சின்னக் காரியமில்லை. நீங்கள் இருவரும் கொழும்பில் இறங்கியதும் மூன்று இடத்துக்கும் போங்கள், அஸருக்குப் பிறகு, ஆட்கள் வெளியே வரும் நேரமாகப் பார்த்து. வாசலில் செருப்பு இருக்கிறதா பாருங்கள். வீட்டின் குறையை யார் வாய்விட்டுச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். நம் ஆட்கள் எத்தனை வீடு என்று எண்ண வேண்டாம். உனக்குக் காய்ச்சல் வந்த நாளில் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் படுக்கலாம் என்று மட்டும் யோசித்துப் பார். மருமகனையும் கேள். அவரும் அக்கரைப்பற்றிலிருந்து என்னைப் போல ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கியவர்தான், அவரையும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நம் குடும்பத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஓர் இடத்தைப் பார்த்து எடுப்பது இதுதான் முதல் தடவை. எனக்கு அதை நினைக்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? அந்தச் சந்தோஷத்தை வாப்பாவின் தலையில் கட்டிவிட்டு நீ கையை உதறக் கூடாது.

இனி நம் ஊர் வீட்டுக் கதை. உன் வீட்டுக்கு நம் கடையிலேயே பெரிய பூட்டாகப் பார்த்து நான்தான் போட்டேன். கடற்காற்றில் அது துருப்பிடித்து, மாதத்துக்கு ஒரு தரம் எண்ணெய் விட்டால்தான் திறக்கும். போன மாதம் கடைக்கு ஓர் இளம் சோடி வந்தது. உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கொக்கி வேண்டும் என்று. இருவரும் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்கள், ஊர் கண்டிப் பக்கம். அந்தப் பிள்ளைக்கு இது ஏழாம் மாதம். ஒரு மாடி அறையில் இருக்கிறார்கள், ஏறி இறங்கக் கஷ்டப்படுகிறாள். நான் வீட்டுக்கு வந்து இதைச் சும்மா சொன்னேன். உன் உம்மா சோற்றில் கையை வைத்தபடியே இருந்தாள். "அந்தப் புள்ளக்கி இந்தப் பக்கம் உம்மா ஊடு இல்ல, என்ன?" என்றாள். மறுநாள் கொடிக்குக் கொக்கியோடு சோற்றுக்கு ஒரு கோப்பை ஆணமும் போனது. அதற்கு மறுநாளும் போனது.

அவர்களுக்கு நாங்கள் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த வீடு உன்னுடையது. அந்தப் பூட்டின் திறப்பு உன் உம்மாவின் இடுப்பில் இருந்தாலும் அது உன் கையில்தான். உன் வீட்டை வீட்டு வாசனையோடு வைத்திருக்க, கிணற்றில் வாளி போட, கடப்பால் கோப்பை வரப் போக, ஒரு சின்னக் குழந்தை அந்த முற்றத்தில் அழ, நீ சம்மதிப்பாயா? நீங்கள் லீவுக்கு வரும்போது நம் வீட்டில் நெருக்கிப் படுப்போம், உன் உம்மாவுக்கு அதுதான் விருப்பம். பூட்டிக் கிடக்கிற வீட்டை நினைத்துத்தானே உன் மனம் விடவில்லை? அது பூட்டிக் கிடக்க வேண்டாம். நீ என்னிடம் இடம் கேட்டாய், நான் உன்னிடம் வீடு கேட்கிறேன். நீயும் ஓம் என்று சொல்லு, நீங்கள் எடுக்கிற இடத்துக்கு நானும் ஓம் என்று சொல்கிறேன். நான் கட்டியது நீ எங்கே இருந்தாலும் உனக்கென்று ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காக. நீ வேறெங்கும் இருக்கக் கூடாது என்பதற்காக இல்லை, மகள்.

உன் உம்மா கண்ணாடியைக் கண்டுபிடித்துவிட்டாள், வந்துகொண்டிருக்கிறாள், முடிக்கிறேன். நீங்கள் எந்தத் தெருவை எடுத்தாலும் குடிபுகும் கிழமையில் நாங்கள் வந்து நிற்போம், இனிப்புக் குறையாத வட்டிலப்பத்தோடு. பெல் அடிக்க மாட்டேன், வாசலில் நின்று இருமுவேன். தெஹிவளை என்றால் மட்டும் கொஞ்சம் கெதியாக ஓடி வந்து திற. அந்த அம்மா கிளாஸோடு முந்திவிடுவார்.

உன் வாப்பா